மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, விட்டால் தெம்பாக இருக்கிறது

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. லாரி ஓட்டுகிறார். ஆறு மாதத்துக்கு முன் ஒரு முகாமில் பார்த்தபோது பிபி 170/106. அம்லோடிபின், டெல்மிசார்ட்டான் என்று இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். போட்ட ஒரு வாரத்திலேயே தலை சுற்றல், அசதி. நிறுத்திவிட்டார். நிறுத்தியதும் தெம்பாக இருக்கிறது என்கிறார். இப்போது என் கொழுந்தனார் ஒரு வீடியோவைக் காட்டி, "பிபி இதயத்துல வர்றதே இல்லண்ணா, மூளைத்தண்டுல வருது. மாத்திரை அங்க போறதே இல்ல. மூச்சுப் பயிற்சி செஞ்சா போதும்" என்கிறார். மூளைக்கு ஸ்கேன் எடுக்கலாம் என்றும் சொல்கிறார். எட்டாயிரம் கேட்கிறார்கள். எடுக்கலாமா? மாத்திரை வேண்டாமா? அப்புறம், இவருடைய குறட்டை தாங்காமல் பிள்ளைகள் வெளியே போய்ப் படுக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குறட்டையைக் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்ததும் நான் வட்டம் போட்டு வைத்தது அந்த வரியைத்தான். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கொழுந்தனாரிடம் போவோம்.

அவர் சொல்வதில் பாதி சரி. அதுவும் சாதாரணப் பாதி இல்லை, எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிற பாதி. நிமிடத்துக்கு நிமிடம் இரத்த அழுத்தத்தைக் கண்காணித்து ஏற்றி இறக்குகிற இடம் மூளைத்தண்டில்தான் இருக்கிறது. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கிற அந்த மூளைத்தண்டின் அடிப்பகுதிக்கு முகுளம் என்று பெயர். சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளம், கட்டைவிரலின் மேல் கணு அளவு. இது ஒன்றும் புதுச் செய்தியில்லை. 1871-லேயே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் லுட்விக் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளின் மூளையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்து பார்த்திருக்கிறார்கள். மேல்பகுதிகளை வெட்டியபோது அழுத்தம் பெரிதாக அசையவில்லை. கத்தி மூளைத்தண்டுக்குள் கீழே இறங்க இறங்க அழுத்தமும் சரிந்தது. யோசிக்கவே கொடுமையான சோதனைதான். ஆனால் அந்த இடம் இதுதான் என்று அப்படித்தான் தெரிந்தது.

உங்கள் வீட்டுக்காரர் ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு லாரியிலிருந்து குதித்து இறங்குகிறார் இல்லையா, அந்த நொடியைப் பாருங்கள். நின்றதும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் கால் பக்கம் இறங்கிவிடும். அழுத்தம் விழும். விட்டால் ஆள் மயங்கி விழ வேண்டியதுதான். விழுவதில்லை. ஏன்? தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்தால் நாடி துடிக்கும். அந்தத் தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில் சுவர் கொஞ்சம் புடைத்திருக்கும். அந்தச் சுவருக்குள் இருக்கும் நரம்பு முனைகள், குழாய் எவ்வளவு இழுபடுகிறது என்பதை ஒவ்வொரு துடிப்பிலும் முகுளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. அழுத்தம் விழுந்தால் இழுபடுவது குறையும், சேதியும் குறையும். உடனே முகுளம் இரண்டு வேலை செய்கிறது. இதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. தண்டுவடம் வழியாகப் பரிவு நரம்புகளுக்கு, அதாவது அவசரத்தில் உடம்பை முடுக்கிவிடும் நரம்புகளுக்கு, ஆணை அனுப்பி, உடம்பெல்லாம் உள்ள சிறு தமனிகளை இறுக்குகிறது. சில நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அவர் டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருப்பார், ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சொன்னேனே என்று கழுத்தின் இரண்டு பக்கத்தையும் அழுத்திப் பார்க்காதீர்கள். சிலருக்கு நாடி படக்கென்று இறங்கி மயக்கம் வரும். முடி வெட்டும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கிற பழக்கம் இவருக்கு இருந்தால் அதையும் இன்றோடு விடச் சொல்லுங்கள். மூளைத்தண்டுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதத்தில் முடிவதுண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சரி, முகுளம் இவ்வளவு கவனமாக இருக்கிறதே, பிறகு 170 எப்படி வந்தது? ஏறும்போதே இழுத்துப் பிடித்திருக்க வேண்டாமா?

உங்கள் வீட்டுக்காரரின் தலைச்சுற்றலுக்கும் தெம்புக்கும் விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. லாரியில் ஸ்பீடு கவர்னர் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். 80-க்கு வைக்க வேண்டியதை யாரோ 110-க்கு மாற்றி வைத்துவிட்டால், வண்டி 100-ல் பறந்தாலும் அது வாயைத் திறக்காது. கருவி பழுதாகவில்லை, நன்றாகத்தான் வேலை செய்கிறது. வைத்த அளவு தப்பு. மாதக்கணக்கில் அழுத்தம் உயர்ந்தே இருந்தால் கழுத்துத் தமனியின் உணரிகளும் முகுளமும் அந்த உயர்ந்த அளவையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்கின்றன. 1956-இல் அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில், சிறுநீரகக் கோளாறால் அழுத்தம் ஏறிய நாய்களில் இதைக் காட்டினார்கள். உணரிகள் செத்துப்போயிருக்கவில்லை. வேலை செய்தன, ஆனால் உயர்ந்த அளவைச் சுற்றியே வேலை செய்தன.

கவர்னரைவிட முகுளம் ஒரு படி மேலே போகும். கவர்னர் வேகம் கூடினால் மட்டும்தான் தடுக்கும். முகுளம் குறைந்தாலும் சும்மா இருக்காது. மாத்திரை போட்டு 170-லிருந்து 135-க்கு வந்தால் நீங்களும் நானும் சந்தோஷப்படுவோம். அவருடைய முகுளம் அலறும். 'ஐயோ, அழுத்தம் விழுந்துவிட்டது' என்று பரிவு நரம்புகளைத் தூண்டிப் பழைய இடத்துக்கே இழுக்கப் பார்க்கும். அதோடு, உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளை இரத்தக் குழாய்களுக்கும் புது அளவுக்குத் தளர்ந்து கொடுக்க நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் தலை சுற்றும், அசதி வரும். மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் பழைய இடத்துக்கு ஏறும், முகுளம் நிம்மதியடையும், ஆளுக்குத் தெம்பு வரும். அவர் தெம்பாக இருப்பதாகச் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தத் தெம்பு 170-இன் தெம்பு. அதே நேரத்தில் சிறுநீரகம், கண்ணின் பின்திரை, இதயச் சுவர், மூளையின் நுண்குழாய்கள் எல்லாம் அந்த 170-ஐச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கும்.

இதில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. அளவு மேலே நகர்ந்த மாதிரியே கீழேயும் நகரும். அழுத்தத்தை மெதுவாக இறக்கி, இறங்கிய இடத்தில் விடாமல் நிறுத்தி வைத்தால் முகுளம் புது அளவுக்குப் பழகிக்கொள்ளும். பெரும்பாலோருக்குச் சில வாரம் பிடிக்கும். உங்கள் வீட்டுக்காரர் முதல் வாரத்தோடு விட்டுவிட்டார். பழகப்போகிற நேரத்தில் கைவிட்டாயிற்று. பென்னாகரம் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் ஒரு பெரியவர் இப்படி நான்கு தடவை தொடங்கி நான்கு தடவையும் ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் நிறுத்தியவர். ஐந்தாம் தடவை ஒரே மாத்திரை, அதுவும் குறைந்த அளவில் கொடுத்து, "இருபது நாள் தலை சுத்துனா என்னைத் திட்டிக்கோங்க, மாத்திரைய மட்டும் விடாதீங்க" என்றேன். திட்டினார். விடவில்லை. இப்போது 130-ஐ ஒட்டி நிற்கிறது.

இரண்டு மாத்திரையையும் முகாமில் ஒரே நாளில் தொடங்கியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். 170/106-க்கு இரண்டு சேர்த்துத் தருவது இன்றைய முறைதான். இப்படித் தலை சுற்றலாம், சில வாரம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

'மாத்திரை அங்கே போவதே இல்லை' என்பதற்கு வருகிறேன். முகுளம் ஆணையிடலாம், நிறைவேற்றுவது வேறு ஆட்கள்தான். இறுகுவது தமனிச் சுவர், வேகமாகத் துடிப்பது இதயம், உப்பையும் நீரையும் பிடித்து வைப்பது சிறுநீரகம். அம்லோடிபின் தமனிச் சுவரைத் தளர்த்துகிறது. டெல்மிசார்ட்டான், சிறுநீரகத்தில் தொடங்கி அழுத்தத்தை ஏற்றுகிற ஆஞ்சியோடென்சின் என்கிற ரசாயனச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத் தடுக்கிறது. ஆணை கிளம்பிய இடத்தில் தடுக்காமல், போய்ச் சேரும் இடத்தில் தடுக்கிறோம். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

மூளைத்தண்டிலேயே போய் வேலை செய்யும் மாத்திரையும் இல்லாமலில்லை. மீதைல்டோபா அப்படிப்பட்டது, கர்ப்பிணிகளுக்குப் பிபி வந்தால் நாங்கள் பல வருடமாகக் கொடுத்துவருவது. க்ளோனிடின் இன்னொன்று. அதன் கதை வேடிக்கை. 1960-களின் தொடக்கத்தில் மூக்கடைப்புக்கு மருந்து வேண்டும் என்று செய்தது. சளி பிடித்திருந்த ஒரு பெண் ஊழியரின் மூக்கில் சில சொட்டு விட்டார்கள். அவர் ஒரு நாள் முழுக்கத் தூங்கினார். அழுத்தம் இறங்கி, நாடியும் மெதுவாகிவிட்டது. மூக்கடைப்பு மருந்து பிபி மருந்தானது அப்படித்தான். தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறுவது, இந்த மூன்றும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. மாத்திரையை அடிக்கடி மறக்கிற, இரவில் வண்டி ஓட்டுகிற ஒருவருக்கு இதை எழுதித் தர எனக்குக் கை வராது. 'மூளைத்தண்டுக்கே போகிற மருந்து' கேட்டால் கிடைப்பது இதுதான் என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்.

அந்த வீடியோ எங்கிருந்து முளைத்தது என்பதும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜூலியன் பேட்டன் என்ற ஆய்வாளரின் குழு, மூச்சை வலிந்து வெளியே தள்ளும்போது வேலை செய்கிற ஒரு சிறு பகுதியை மூளைத்தண்டில் ஆராய்ந்தது. இருமும்போது, சிரிக்கும்போது, ஓடும்போது வயிற்றுத் தசையை இறுக்கி மூச்சை விடுகிறோமே, அதற்கான இடம். இரத்த அழுத்தம் ஏறிய எலிகளில் இந்தப் பகுதி பரிவு நரம்புகளையும் தூண்டிவிடுகிறது, அதை அடக்கினால் அழுத்தம் இறங்குகிறது என்று கண்டார்கள். அருமையான வேலை. எலியில் செய்தது. எலியின் மூளைத்தண்டில் ஒரு சில செல்களை அடக்குவதற்கும் காவேரிப்பட்டினத்தில் ஒருவர் மாத்திரையை நிறுத்துவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று வீடியோ போட்டவர் சொல்லவில்லை.

மூச்சுப் பயிற்சி செய்யட்டும், தடையில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், ஐந்து நொடி உள்ளே, ஐந்து நொடி வெளியே, தினமும் கால் மணி நேரம். அப்படி மெதுவாக மூச்சு விடும்போது கழுத்துத் தமனியின் உணரிகள் கூர்மையாகின்றன, அழுத்தமும் சில புள்ளிகள் இறங்குகிறது. சில புள்ளிகள்தான். இவர் இறக்க வேண்டியது முப்பதுக்கு மேல். பயிற்சி மாத்திரையோடு சேரட்டும்.

ஸ்கேன் வேண்டாம். தமனி ஒன்று வளைந்து முகுளத்தின் இடது பக்கத்தில் இடிப்பதால் சிலருக்குப் பிபி வரலாம் என்று அமெரிக்காவில் பீட்டர் ஜானெட்டா என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் சொன்னார். அந்தத் தமனியை நகர்த்தி வைக்கும் அறுவையும் செய்தார், சிலருக்கு அழுத்தம் இறங்கவும் செய்தது. ஆனால் பிபியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் அதே மாதிரி இடிப்பது தெரிகிறது. அதனால் பிபிக்கு அது வழக்கமான சிகிச்சையாக நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்து அறிக்கையில் 'தமனி தொடுகிறது' என்று ஒரு வரி வந்துவிட்டால், வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போவதுதான் மிச்சம். அந்த எட்டாயிரத்தில் ஒரு பகுதி போதும், கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், ஒரு ஈசிஜி எல்லாம் பார்த்துவிடலாம். அரசு மருத்துவமனையில் அதுவும் செலவில்லை.

இனி குறட்டை. இவர் தூங்கும்போது கொஞ்ச நேரம் விழித்திருந்து கவனியுங்கள். சத்தமாகக் குறட்டை, திடீரென்று நிசப்தம், மார்பும் வயிறும் ஏறி இறங்கினாலும் மூச்சுச் சத்தம் இல்லை, பத்து, இருபது நொடி கழித்து மூச்சுத் திணறியவர் மாதிரி ஒரு பெரிய உறுமலோடு மறுபடி தொடக்கம். இப்படி இருந்தால் அது வெறும் குறட்டையில்லை, தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். தொண்டை மூடிக்கொள்ளும் அந்த நொடிகளில் இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. நான் சொன்ன கழுத்துத் தமனிப் பிரிவிலேயே அரிசி மணி அளவில் இன்னொரு உறுப்பு உண்டு. ஆக்ஸிஜனை அளப்பது அதன் வேலை. அது முகுளத்துக்கு அபாயச் சங்கு ஊதுகிறது, முகுளம் தமனிகளை இறுக்குகிறது, அழுத்தம் பாய்ந்து ஏறுகிறது. ஓர் இரவில் நூறு தடவைகூட இது நடக்கலாம். தூக்கத்தில் பத்திலிருந்து இருபது சதவீதம் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமலே விடிகிறது. நாள் பட்டால் பகலிலும் முகுளத்தின் அந்த முறுக்கு தணிவதில்லை. மூன்று நான்கு மாத்திரைக்கும் அடங்காத பிபியில் நாங்கள் முதலில் தேடுகிற காரணங்களில் இது ஒன்று. கொழுந்தனார் மூளைத்தண்டைத் தேடி ஸ்கேன் அறைக்குப் போகச் சொன்னார். அதைக் கிளறிவிடுகிறவன் ஒருவேளை உங்கள் வீட்டுப் பாயிலேயே படுத்திருக்கலாம்.

இவர் லாரி ஓட்டுகிறவர் என்பதால் எனக்குப் பிபியைவிட இதில்தான் பயம் அதிகம். இரவெல்லாம் மூச்சு அடைபட்டவருக்குப் பகலில் கண் சொருகும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாரம் ஏற்றிய வண்டியில் மூன்று நொடி கண் மூடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் நம்மைவிட அதிகம் பார்த்திருப்பார். ஓட்டும்போது கண் சொருகியதுண்டா என்று நீங்கள் கேட்டால் இல்லை என்பார். கூட வரும் கிளீனரைக் கேளுங்கள். ஆமாம் என்றால், தூங்கும்போது மூச்சைக் கவனிக்கும் ஸ்லீப் ஸ்டடி என்ற பரிசோதனை முடியும்வரை இரவு லோடு வேண்டாம். வருமானம் போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நோய் உறுதியானால் மூக்கில் மாட்டித் தூங்கும் சிபேப் என்ற காற்றுக் கருவி இருக்கிறது. முதலில் பார்க்கப் பயமாக இருக்கும், பழகியவர்கள் அதில்லாமல் தூங்கமாட்டேன் என்கிறார்கள். எடை குறைந்தாலும், ராத்திரி குடிக்கும் பழக்கம் இருந்து அதை விட்டாலும் அடைப்பு குறையும்.

இன்னும் இரண்டு விஷயம் விசாரியுங்கள். முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை கடையில் வாங்கிப் போடுகிறாரா? ஓட்டுநர்கள் பலர் போடுகிறார்கள், அது பிபியை ஏற்றும். வாயில் புகையிலை அடக்குகிறாரா? சாப்பாட்டில், களி சாப்பிட்டால் பிபி வராது என்று நம்மூரில் சொல்வார்கள். களி நல்லதுதான், அதற்குத் தொட்டுக்கொள்வதில்தான் இருக்கிறது சங்கதி. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு உப்பு மொத்தமே ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். வழியோர ஹோட்டல் சால்னாவும் வீட்டு மாங்காய் ஊறுகாயும் சேர்ந்தால் மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும்.

இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டதை மறைக்க வேண்டாம். தொடர்ந்து போடுகிறார் என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள். திரும்பத் தொடங்குவதை லோடு இல்லாத ஓரிரு நாளாகப் பார்த்துத் தொடங்கட்டும். எழும்போது படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். மாதாமாதம் வந்து வரிசையில் நிற்க நேரமில்லை என்பாரானால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

பிபி பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், பேசக் கூடாது, கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். வீட்டுக் கருவியில் 135/85-க்குக் கீழே வந்தால் நல்லது. இடையில் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பிபி எவ்வளவு காட்டினாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

போகும்போது கையில் ஒன்று கொண்டுபோங்கள். அடுத்து அவர் வீட்டில் தூங்கும் இரவில், உங்கள் போனைத் தலைமாட்டில் வைத்து ஒரு பத்து நிமிடம் குறட்டையைப் பதிவு செய்யுங்கள். நடுவில் வருகிற நிசப்தத்தையும் சேர்த்து.